மொரீசியஸ் போக ஒரு கணக்கு

புசல்லாவையில் கடை வைத்திருப்பவன் மொரீசியஸ் தீவுக்கு உல்லாசப் பயணம் போகப் போகிறேன் என்றால் சிரிப்பார்கள். மனைவி பேச்சை எடுத்தபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. என்னை யோசிக்க வைத்தது மூத்த மகன் கேட்ட கேள்வி. "வாப்பா, நான் கடைக்கு வந்தா நானும் உங்களப்போல பெருநாளைக்கும் மையித்துக்கும் மட்டுந்தானே கடையப் பூட்டணும்?"

இருபத்திரண்டு வருடத்தில் நான் கடையை விட்டு நீண்ட நாள் விலகியது ஹஜ்ஜுக்குப் போனபோது மட்டும்தான். நமது பிள்ளைகள் கொழும்புக்கும் கட்டாருக்கும் போவதற்கு இலாபக் குறைவு மட்டும் காரணமல்ல என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

மாலைதீவு பக்கத்தில்தானே என்பீர்கள். கடலைத் தவிர அங்கே என்ன இருக்கிறது என்பது பிள்ளைகளின் தீர்ப்பு. மொரீசியஸில் ஊர் இருக்கிறது. தெருவில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. ஆறு பேரில் ஒருவர் முஸ்லிம். தலைநகர் போர்ட் லூயிஸில் உள்ள ஜும்ஆப் பள்ளிவாசலை 1850களில் எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து போன மேமன் வியாபாரிகள். ஹலால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. பருப்பு வைத்த ரொட்டியும், நம் பருப்பு வடைக்குத் தம்பி போன்ற ஒரு பலகாரமும் தெருவோரமே கிடைக்கும். அவர்களது நாணயத் தாளில் தமிழ் எழுத்தும் உண்டு. 1998இல் ஹிந்தியைத் தமிழுக்கு முன்னே போட்டு அச்சடித்தபோது தமிழர்கள் எதிர்த்தார்கள். அந்தத் தாள்களை மீளப் பெற வேண்டியதாயிற்று. (கண்டியின் எஹெலபொலவை 1825இல் ஆங்கிலேயர் நாடு கடத்தியதும் அங்கேதான். அவர் திரும்பி வரவில்லை.)

இனிக் கணக்குக்கு வருவோம். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அதை வைத்து நான் ஒருமுறை பணம் ஒதுக்கினேன். மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். மே மாதத்தில் டொலர் 360 ஆனது. ஒதுக்கிய காசு டிக்கட்டுக்கே போதவில்லை. பருப்பும் சீனியும் வாங்கிப் போட்டேன். பிழை என்னுடையது. சரக்கென்றால் விலை பேசிய அன்றே முற்பணம் கொடுப்பவன், டிக்கட்டை மட்டும் பிறகு வாங்கலாம் என்று விட்டுவிட்டேன். இம்முறை டிக்கட் முதலில்.

டிசம்பரில் போகக்கூடாது. எல்லோரும் அப்போதுதான் போவார்கள், விலையும் உச்சத்தில் இருக்கும். அதோடு நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே சூறாவளிக் காலம். ஓகஸ்ட்டில் அவர்களுக்குக் குளிர்காலம். நமது ஊர்க் குளிருக்குப் பழகியவர்களை அது ஒன்றும் செய்யாது. டுபாய் வழியாகப் போனால் வடக்கே ஏறி மறுபடி தெற்கே இறங்க வேண்டும். மும்பை வழியையும் விசாரியுங்கள். அவர்களது ஒரு ரூபாய்க்கு இப்போது நமது ஆறு ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும். ஆகவே ஹோட்டலை விட, சமையலறை உள்ள வாடகை வீடுதான் குடும்பத்துக்குக் கட்டும்.

எந்தக் காசில் போவது என்பதில் எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. கொழும்பு மொத்த வியாபாரிக்குத் திகதி போட்ட செக்கைக் கொடுத்துவிட்டு, அவருடைய சரக்கு விற்ற பணத்தில் டிக்கட் எடுப்பது அவருடைய செலவில் ஊர் சுற்றுவதுதான். உம்ராவுக்கே அப்படிப் போகிறவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. கிரடிட் கார்டில் போய் வந்து வட்டி கட்டுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கடன் தீர வேண்டும், ஸகாத் பிரிய வேண்டும், அதன் பிறகு மிஞ்சியதில்தான் பயணம். மிஞ்சாவிட்டால் அடுத்த வருடம் பார்ப்போம்.

மிகப் பெரிய தடை காசல்ல, கடன் கொப்பி. தோட்டச் சம்பளம் 10ஆம் திகதியளவில் வரும். நிலுவையைச் சேர்த்துக்கொண்டு 14ஆம் திகதி புறப்பட்டால் எட்டு நாளைக்கு மச்சான் கடையைப் பார்த்துக்கொள்வார். ஆனால் அந்தக் கொப்பியை என்னைத் தவிர எவராலும் வாசிக்க முடியாது. நான் மௌத்தானால் அதிலுள்ள இலட்சக் கணக்கான ரூபாயும் என்னோடு போய்விடும். பயணத்துக்கென்று உட்கார்ந்தபோதுதான் இது தெரிந்தது.

இப்போது மகன் இரவில் அதைப் புதுக் கொப்பியில் பெயர், டிவிஷன், தொகை என்று எழுதுகிறான். "மேல் லயம், கண்ணாடிக்காரர்" என்று நான் குறித்திருந்தது யார் என்று நேற்றுக் கேட்டான். எனக்கே ஞாபகம் வர அரை மணித்தியாலம் சென்றது.