பழிச்சொல்லின் எடை

மானம் போயிற்றென்று வழக்காடுவோர், அது போனதை நிரூபிப்பது எவ்வாறு? இங்கிலாந்தில் நெடுங்காலமாக இவ்வினாவுக்கு இடமிருக்கவில்லை. அச்சில் வந்த சொல் இழிவுப் பொருள் தருவதாயின், தீங்கு நேர்ந்ததென்றே நீதிமன்று கொண்டது. 2013ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம் அந்நிலையை மாற்றிற்று. நற்பெயருக்குப் பாரதூரமான தீங்கு விளைந்திருத்தல், அன்றேல் விளையக்கூடியதாயிருத்தல் வேண்டும் என்றது. சொல்லின் கடுமை மாத்திரம் போதாது. அதன் மெய்யான விளைவையும் நோக்கவேண்டும் என 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்திற்று.

இது நியாயமே என்போம். அற்பச் சொல்லுக்கெல்லாம் வழக்கெனின், எழுத்தாளன் பேனா எடுக்கவே அஞ்சுவான். ஆயினும், பழியை நம்பி விலகிப்போன அயலவன் சாட்சிக் கூண்டிலேறி அதனை ஒப்புக்கொள்வானா? இவ்விடர்ப்பாட்டை அந்நீதிமன்றம் உணர்ந்தமை போற்றற்குரியது. பத்திரிகை எத்துணை பேரை எட்டியது, வாதியை அறிந்தோர் அதனைப் படித்திருக்கக்கூடுமா, பழி எத்தகையது என்பவற்றைக் கொண்டே தீங்கை உய்த்துணரலாம் என்றது.

சாட்சி ஒருவரும் வாராமலே ஒருவன் பெயர் மாய்ந்துபோகலாம். பேனா பிடிப்போர் இதனை வழக்கு வருமுன்னரே நினைத்தல் நன்று.