பின்வாசல் விவசாயி!

'இனிமே காய்கறிக் கடைக்கு நோ என்ட்ரி!' - மே மாச செமஸ்டர் லீவுல, போளூர் வீட்டுல நான் விட்ட சவுண்டு இது.

காரணம், ஹாஸ்டல்ல படிச்ச 'பெர்மாகல்ச்சர்'. ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்க்ரனும் 1978-ல் புத்தகமாப் போட்ட சமாச்சாரம். காடு தன்னைத்தானே பார்த்துக்குதுல்ல, அதே மாதிரி தோட்டத்தையும் டிசைன் பண்ணணும். தினமும் பறிக்கிற கீரை வாசப்படி பக்கத்துல, எப்பவாச்சும் பறிக்கிற பப்பாளி கடைசியில. ஒண்ணோட கழிவு இன்னொண்ணுக்குச் சாப்பாடு!

விளக்கி முடிச்சதும் ஆயா கேட்டுச்சு: "குளிக்கிற தண்ணி வாழைக்குப் போவுது, அரிசி கழுவுன தண்ணி கறிவேப்பிலைக்குப் போவுது. இதுக்காடா காலேஜு?"

ஹி... ஹி!

சரி, இன்ஜினீயர் மூளையைக் காட்டுவோம்னு கணக்குப் போட்டேன். எங்க ரேஷன் அரிசி மாசம் 20 கிலோ, வருஷத்துக்கு 240. அதுக்குச் சுமார் 370 கிலோ நெல்லு வேணும். ஏக்கருக்கு 2 டன்னுன்னு வெச்சாலும் 18 சென்ட் நிலம். எங்க பின்பக்கம் மொத்தமே 2 சென்ட்! சாமை போடலாம்னா, அதுக்கும் ஜவ்வாது மலை மாதிரி இடம் வேணுமே.

ஆக, சோறு அவுட். காய்?

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்னது, ஆளுக்குத் தினம் 400 கிராம் காய், கீரை. நாலு பேருக்கு மாசம் சுமார் 50 கிலோ. கத்தரி, வெண்டை, அவரை, தண்டுக்கீரைன்னு கலந்து போட்டேன். காய்ஞ்ச இலை, வேர்க்கடலைத் தோலால மூடாக்கு. ஈரம் சட்டுனு காயல.

"எல்லாம் சரி, நீ ஹாஸ்டல் போனா தண்ணி யாரு ஊத்தறது?" - ஆயா. பதில் சொல்லாமலே பஸ் ஏறிட்டேன். மேல்நிலைப் பள்ளியிலேருந்தே என் 'புராஜெக்ட்' எல்லாம் இப்படித்தான் பாதியில நிக்கும்.

ஆகஸ்ட் கடைசியில வந்து பார்த்தா, அடுப்பங்கரைச் சுவத்துல கரிக்கோடு. கிலோவுக்கு ஒண்ணு. எண்ணினா 19! தேவையில பாதிகூட இல்ல. எனக்கு முகம் தொங்கிடுச்சு.

"பக்கத்து வீடுங்களுக்குக் குடுத்ததெல்லாம் அதுல சேரல. அதுக்கு எதுக்குடா கோடு?"ன்னுச்சு ஆயா.

தன்னிறைவுன்னா நமக்கு மட்டும் நிறையறதுன்னு நினைச்சுட்டிருந்தேன் பாஸ். இந்த லீவுக்கு, தண்ணிக் குடம் என் பொறுப்பு!