ஊர் பெயர் ஒன்று. விமான நிலையம் இரண்டு!

டிக்கெட்டில் "கோலாலம்பூர்" என்று போட்டிருந்தால் போதுமா? எந்தக் கோலாலம்பூர் என்று கேட்க வேண்டாமா?

நம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த தாயார் ஒருவர், திருச்சிப் பக்கம் தம்பியின் கருமாதிக்குப் புறப்பட்டார். பஸ் ஏறி, நேரத்தோடு சிப்பாங் வந்து சேர்ந்துவிட்டார். விசா எடுப்பதற்காக வாங்கிப்போன பாஸ்போர்ட், ஜொகூரில் வேலை செய்யும் மகனிடம். அவனும் மலிவான டிக்கெட் பார்த்து விமானத்தில் வந்து இறங்கினான். போன் போட்டான்.

"அம்மா, வந்துட்டேன். எங்கே நிக்கிறீங்க?"

"வாசல்லதான்டா நிக்கிறேன்."

இருவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் மகன் நின்றது சுபாங் வாசலில்! இடையிலே சுமார் 60 கிலோமீட்டர்; பழைய கணக்கில் 37 கட்டை. அவன் டாக்சி பிடித்து வருவதற்குள் கவுண்டர் மூடியாயிற்று. மிச்சம் பிடித்த காசும் போயிற்று, கருமாதியும் போயிற்று.

இதில் அந்தப் பிள்ளையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1998 ஜூன் வரை வெளிநாட்டு விமானங்கள் சுபாங்கிலிருந்துதான் பறந்தன. அதன் பிறகே சிப்பாங் நிலையம் திறக்கப்பட்டது. சுபாங் சிறிய விமானங்களுக்கு என்றாகி, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஜெட் விமானங்கள் அங்கே வந்தன. ஆகவே இரண்டு நிலையங்களுக்கும் "கோலாலம்பூர்" என்றே டிக்கெட் விற்கிறார்கள். இனிமேல்தான் அதிகக் கவனம் தேவை.

வரைபடத்தில் பார்த்தால் 60 கிலோமீட்டர் பெரிய தூரமல்ல. சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரம். வேலை விடும் நேரமானால் இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நேர் ரயில் கிடையாது. வெளிநாட்டுப் பயணத்துக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மலைவாசிகளான நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தானா ராத்தாவிலிருந்து கோலாலம்பூருக்கே சுமார் 200 கிலோமீட்டர். சிப்பாங் அதற்கும் தெற்கே 50 கிலோமீட்டருக்கு மேல். தாப்பா சாலையானாலும் சிம்பாங் பூலாய் சாலையானாலும், அடைமழையில் மண் சரிந்தால் வழி அடைபடும். நம் தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். அதே பினாங்குக்கும் சென்னைக்கும் 2024 டிசம்பரில் நேர் விமானம் தொடங்கியது. சென்னைப் பக்கம் போகிறவர்கள் அந்த வழியையும் விசாரித்து, சாலைச் செலவையும் சேர்த்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். திருச்சிப் பக்கத்தாருக்குச் சிப்பாங்தான் சௌகரியம்.

டிக்கெட் எடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இறங்குவது சுபாங்கா, சிப்பாங்கா? சிப்பாங் என்றால் முதல் முனையமா, இரண்டாவதா? இவை இரண்டுக்கும் இடையே ரயிலில் 3 நிமிடம்தான். ஆனாலும் தெரிந்துகொண்டு போவது நல்லது. கடைசியாக, அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கிறதா?

ஐம்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப்போய், ஆயிரம் வெள்ளி டிக்கெட்டைக் கோட்டை விடலாமா? வானத்தில் போகும் நேரத்தை விமானக் கம்பெனி கணக்குப் பார்க்கும். லயத்து வாசலிலிருந்து விமானப் படிக்கட்டு வரை உள்ள நேரத்தை நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.