பத்தடிச் சக்கரமும் பட்டினி வங்கமும்!

குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1903-ல் வெள்ளை ஏகாதிபத்தியம் கார்டைட் தொழிற்சாலையை நிறுவியது. நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் பிசைந்து கயிறுபோல் இழுக்கும் புகையில்லா வெடிமருந்துதான் கார்டைட். நைட்ரோகிளிசரினோடு புழங்கும் தொழிலாளிக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி. கை தவறினால் உயிரே போகும்!

தொழிலாளர் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் இம்மருந்தைப் பிரபுக்கள் எப்படி வாரியிறைத்தார்கள், தெரியுமா?

1943-ல் இங்கிலாந்தில் 'பஞ்சாண்ட்ரம்' என்றொரு பூதத்தைச் செய்தார்கள். பத்தடி உயரச் சக்கரங்கள் இரண்டு. நடுவே ஒரு டன்னுக்கு மேல் வெடிமருந்து சுமக்கும் பீப்பாய். விளிம்பெங்கும் கார்டைட் ராக்கெட்டுகள். கடற்கரையில் உருண்டோடி ஜெர்மானியரின் கான்கிரீட் சுவரைத் தகர்க்குமாம்!

நடந்தது என்ன? ராக்கெட்டுகள் கழன்று பறந்தன. சக்கரம் தறிகெட்டுச் சாய்ந்தது. இன்னும் அதிக ராக்கெட்டுகளைக் கட்டினார்கள், இன்னும் தறிகெட்டது! 1944 ஜனவரியில் பார்வையிட வந்த அதிகாரிகளே விழுந்தடித்து ஓடினார்கள். திட்டம் குப்பைக்குப் போயிற்று.

அதே 1943-ல் வங்கத்தில் பஞ்சம்! பட்டினியாலும் நோயாலும் மாண்டவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர். தானியம் அனுப்பக் கப்பல் இல்லை என்றது லண்டன். சோற்றுக்குக் கப்பலில்லை, கோமாளிச் சக்கரத்துக்குப் பணமுண்டு!

பாசிசத்தை முறியடிக்க ஆயுதம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சோதனை தவறுவதும் இயல்பே. ஆனால் கொழுந்து எடை குறைந்தால் தோட்டத் தொழிலாளியின் கூலியை வெட்டும் உலகத்தில், இந்த விரயத்துக்குக் கணக்குக் கேட்டவர் யார்?

வெள்ளையன் போனான், வாய்ப்பூட்டுப் போகவில்லை. 2021-ல் அருவங்காடு உள்ளிட்ட படைக்கலத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக மாற்றினார்கள். சங்கங்கள் எதிர்த்தன, வேலைநிறுத்தத் தடைச் சட்டம் பாய்ந்தது!

மருந்தைப் பிசையும் கைக்கே கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. தோழர்களே, அதை விட்டுக்கொடுக்க மாட்டோம்!