கூட்டக் குறிப்பில் யார் பெயர்?

தமிழ்ச் சங்கங்களின் செயலவைத் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் ஆணாக இருப்பார். செயலாளர் பெண்ணாக இருப்பார். "பெண்பிள்ளைகள்தாம் பொறுப்பாக எழுதுவார்கள்" என்று காரணமும் சொல்வார்கள். விதிவிலக்குகள் இருக்கலாம். நான் செயலவையில் இருந்த ஆண்டுகளில் கண்டது இதுதான். கூட்டம் முழுவதும் குனிந்து குறிப்பெடுப்பவர் எப்போது நிமிர்ந்து வாதிடுவது என்று ஒருவரும் கேட்டதில்லை.

பட்டம் பெற்று வேலைக்குப் போனாலும் இந்த வழக்கம் நம்மை விடுவதில்லை. நான் முதலில் பணியாற்றிய பொறியியல் நிறுவனத்தில், கூட்டத்தில் பத்துப் பேர் அமர்ந்தால் பெண்கள் இருவர். கட்டுமானப் பொருள்கள் தளத்திற்கு வருமுன்பே தரச் சோதனையை முடித்துவிடலாம் என்று ஒருமுறை சொன்னேன். பதில் இல்லை. சிறிது நேரம் கழித்து அதையே சக ஊழியர் ஒருவர் சொன்னார். "நல்ல யோசனை" என்றார் மேலாளர். கூட்டக் குறிப்பில் அவர் பெயரே ஏறியது. அவர் திருடினார் என்று நான் சொல்லமாட்டேன். நான் சொன்னது அவர் காதில் விழாமலே போயிருக்கலாம். ஆனால் ஆண்டிறுதி மதிப்பீட்டின்போது மேலாளர் புரட்டிப் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான். பதவி உயர்வும் அதையொட்டியே வருகிறது.

இதற்குத் தீர்வாகப் பெண்களுக்குத் தன்முனைப்புப் பயிலரங்கு நடத்துகிறார்கள். தைரியமாகப் பேசுங்கள், குரலை உயர்த்துங்கள் என்கிறார்கள். நடத்தட்டும், தவறில்லை. ஆனால் சொற்போர் மேடையில் எதிரணியைத் திணறடித்த நம் மாணவியர் அலுவலகக் கூட்ட அறையில் வாய் திறப்பதில்லை என்றால், குறை அவர்கள் நாக்கிலா இருக்கிறது? மேடையில் ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று மணியடித்து நேரம் தருகிறார்கள். இடைமறித்தால் நடுவர் தடுக்கிறார். கூட்ட அறையில் மணியும் இல்லை, நடுவரும் இல்லை. அங்கே உரக்கப் பேசும் ஆணுக்குத் தலைமைப் பண்பு. அதே குரலில் பேசும் பெண்ணுக்கு 'வாயாடி' என்ற பட்டம்.

"திறமை இருந்தால் தானாக வெளியே தெரியும்" என்பாரும் உளர். நம் நாட்டு வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஆசிரியைகள் ஆண்களுக்கு நிகராகப் பாடம் நடத்தியும் குறைந்த ஊதியமே பெற்றார்கள். ராசம்மா பூபாலன் 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தொழிற்சங்கம் அமைத்துப் போராடினார். அரசுப் பணியில் சம ஊதியம் 1969இல்தான் வந்தது. தனித்தனியே நன்றாகப் பாடம் நடத்தியதால் வந்ததன்று அது.

இன்று சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற பெரிய நிறுவனங்களின் இயக்குநர் வாரியத்தில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும் என்ற விதி 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்ற நிறுவனங்களுக்கு 2023 ஜூனில். நல்லதே. என்றாலும் நாற்காலி வேறு, பேச்சுரிமை வேறு. ஒற்றைப் பெண்ணாக அமர்ந்திருப்பவர் தாம் முதலில் சொன்னதற்குச் சாட்சிக்கு யாரை அழைப்பார்?

அமெரிக்க அதிபர் ஒபாமாவின் வெள்ளை மாளிகையில் பணியாற்றிய பெண்கள் ஒரு வழி கண்டார்கள். ஒருவர் முக்கியமான கருத்தைச் சொன்னால் இன்னொருவர் அதைத் திரும்பச் சொல்லி, சொன்னவர் பெயரையும் சேர்த்தே சொல்வார். அதன்பின் அக்கருத்தைப் புறக்கணிக்கவும் முடியாது. வேறொருவர் தமதென்று கொள்ளவும் முடியாது. 2016இல் இச்செய்தி நாளேட்டில் வந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவ்வளவு பெரிய இடத்திலுமா இந்தத் தொல்லை! செலவில்லாத வழி. ஆண்களும் செய்யலாம். "இதைத்தான் அவர் சற்றுமுன் சொன்னார்" என்று ஒரு தோழர் சொன்னால் போதும்.

பழகிக்கொள்ள நம் சங்கத்தைவிட நல்ல இடம் எது? அங்கே பதவி உயர்வும் இல்லை, சம்பள வெட்டும் இல்லை. கூட்டக் குறிப்பெழுதும் வேலை முறைவைத்துச் சுழலட்டும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் நேரே, அதை முதலில் சொன்னவர் பெயர் எழுதப்படட்டும். முடிவெடுக்குமுன் இன்னும் பேசாதவர் யார் என்று தலைவர் ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். கலை இரவுக்கு மேடை அலங்காரம், வரவேற்பு மேசை என்று வேலை பிரிக்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள்.

அடுத்த செயலவைக் கூட்டத்திலேயே தொடங்கலாம். முதல் முறை தலைவரே குறிப்பெழுதட்டும்.