பதினோராம் எண் கூண்டு

‘செண்டிங்’ மந்திரத்தைத் தடை செய்கிற டன்ஜன் மாஸ்டர்கள் சோம்பேறிகள். இதைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லலாம்தான். சொல்லப்போவதில்லை.

ஆடாதவர்களுக்காக ஒரு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இருபது முகப் பகடையை உருட்டி, வாயாலேயே கதை கட்டுகிற ஆட்டம். கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் வெளியிட்டது. கதையை நடத்துகிறவர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். மந்திரவாதிக்கு நெருப்புக் குண்டு எறியவும் தெரியும், தூரத்தில் இருப்பவரோடு பேசவும் தெரியும். நெருப்புக் குண்டைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. பேசுவதுதான் எல்லோருக்கும் பிரச்சினை.

“செல்போன் இருந்தா பாதி சினிமா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும் ப்ரோ, அதே கதைதான்” என்பது தடை செய்கிறவர்களின் வாதம். எதிர்த் தரப்பில் கில்லாடிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘புத்திசாலித்தனமான பயன்பாடுகள்’ பட்டியலாகவே இருக்கும். ‘மெசேஜ்’ மந்திரத்தில் அரசன் காதில் கிசுகிசுத்து அவனைக் கடவுள் பேசுவதாக நம்ப வைப்பது, எதிரி மந்திரவாதியை ராத்திரி முழுக்கச் ‘செண்டிங்’ அனுப்பித் தூங்கவிடாமல் செய்வது. சிரிப்பாகத்தான் இருக்கும், ஒரு தடவை. இரண்டு கோஷ்டியும் ஒரே இடத்தில்தான் தப்பு செய்கிறது. மந்திரத்தை போன் என்று நினைக்கிறார்கள். விதியைப் படித்தவன் அப்படி நினைக்க மாட்டான்.

2014ஆம் வருடப் பதிப்பின் விதி இதுதான். இருபத்தைந்து சொற்களுக்கு மேல் கூடாது. நீ ஏற்கெனவே பழகிய ஒருவருக்குத்தான் அனுப்பலாம். அவர் மனசுக்குள் கேட்கும், உடனே அதே மாதிரி பதில் சொல்லலாம். தூரம் கணக்கில்லை. வேறு உலகத்தில் இருந்தால் மட்டும் நூற்றில் ஐந்து வாய்ப்பு, செய்தி போய்ச் சேராமல் இருக்க. செலவு, ஒரு சின்னச் செம்புக் கம்பித் துண்டு. அந்தச் செம்புக் கம்பி, தந்தியை நினைத்து யாரோ போட்ட நக்கல் என்பது என் கணிப்பு. எங்கள் பக்கத்தில் செம்புக் கம்பி என்றால் காயலான் கடைக்குத்தான் போகும், கிலோ கணக்கில்.

தந்தி என்றதும் நினைவுக்கு வர வேண்டியது ஒன்று இருக்கிறது. 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடும்வரை, நம் வீடுகளில் தந்தி வந்தால் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்தார்கள். சொல்லுக்குக் காசு என்பதால் யாரும் சும்மா தந்தி அடிக்க மாட்டார்கள், அப்படி அடித்தால் சாவுதான். செய்திக்கு முன்னால் செய்தியின் வடிவமே சேதி சொல்லிவிட்டது. வாழ்த்துத் தந்திக்கோ அரசாங்கமே எண் போட்டு வாக்கியங்கள் வைத்திருந்தது. எண்ணைச் சொன்னால் போதும், அந்தப் பக்கம் முழு வாக்கியமாகப் போய்ச் சேரும். இருபத்தைந்து சொல்லுக்குள் இருபத்தைந்து எண் அனுப்பலாம் என்று எந்த மேசையிலாவது யாராவது யோசித்திருக்கிறீர்களா? கிளம்புவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து ஒரு சங்கேதப் புத்தகம் தயார் செய்த குழுவை நான் பார்த்ததில்லை. கயிறும் தீப்பந்தமும் மட்டும் மறக்காமல் வாங்குகிறார்கள்.

அடுத்தது, தமிழில் ஆடுகிறவர்கள்கூட இந்த இடம் வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவி விரல் விட்டுச் சொல் எண்ணுகிறார்கள். ஏன்? ‘வந்துகொண்டிருந்தவர்களைத் தடுத்துவிட்டார்களாம்’. இரண்டு சொல். ஆங்கிலத்தில் ஏழெட்டுச் சொல்லாவது பிடிக்கும். சேர்த்து எழுதினால் ஒரே சொல் என்று வாதாடலாம். டன்ஜன் மாஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், அந்தச் சண்டையே ஆட்டத்தைவிட நன்றாக இருக்கும். என் தீர்ப்பு ஆடுகிறவர் பக்கம். மொழி கொடுத்த சலுகையை வாங்கிக்கொள்ளாதவன் எதற்குத் தமிழில் ஆட வேண்டும்?

அதைவிடப் பெரிய பொக்கிஷம் அந்தச் சொல்லின் கடைசியில் இருக்கிற ‘ஆம்’. ‘ஸோன் ஆஃப் ட்ரூத்’ என்று ஒரு மந்திரம். அந்த வட்டத்துக்குள் சிக்கியவர் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. சரி, நண்பன் ஒருவன் வெளியிலிருந்து ‘மெசேஜ்’ மந்திரத்தில் உங்கள் காதில் மட்டும் “ராஜா செத்துட்டாரு” என்று கிசுகிசுக்கிறான். நீங்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று “ராஜா செத்துட்டாராம்” என்கிறீர்கள். பொய்யா? இல்லை. அப்படித்தானே உங்களிடம் சொன்னார்கள். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ‘எனக்குச் சொல்லப்பட்டது’ என்று இழுக்க வேண்டும், இழுத்த உடனே எதிராளி உஷாராகிவிடுவான். தமிழில் இது வதந்தியின் இயல்பான நடை, யாரும் கவனிக்கவே மாட்டார்கள். இதேபோல ‘காம்ப்ரிஹெண்ட் லேங்வேஜஸ்’ மந்திரம் எந்த மொழியையும் புரியவைக்கும், ஆனால் நேர்ப் பொருளை மட்டும். காசிமேட்டில் ஒருத்தர் உங்களைப் பார்த்து “நல்லா வருவ” என்றால், அந்த மந்திரத்தை நம்பி வந்தவன் நன்றி சொல்லிவிட்டுப் போவான்.

விளையாட்டு இது போதும். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ‘பழகிய ஒருவர்’ என்ற நிபந்தனையை எல்லோரும் தாண்டிப்போகிறபோதுதான்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்திருந்தது. அந்தக் கறையே இன்னும் போகவில்லை, அதற்குள் இது. எங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்று ஜனங்கள் சொன்னார்கள். மூக்குதான் சொன்னது.

யோசித்துப் பாருங்கள். அந்த ராத்திரி செல்போன் இருந்தது, வாட்ஸப் இருந்தது, எல்லா மந்திரமும் இருந்தது. செய்தி அனுப்பும் சக்தி குறைவாக இருந்ததால் யாரும் மூச்சுத் திணறவில்லை. எந்தத் தொழிற்சாலையாக இருந்தாலும் அது ‘பழகிய’வர்கள் என்று சிலர் உண்டு. அதிகாரி, தலைமை அலுவலகம், காப்பீட்டுக்காரர். சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். ‘செண்டிங்’ விதியை எழுதியவருக்கு எண்ணூர் தெரிந்திருக்காது. ஆனால் அதிகாரத்தின் தகவல் தொடர்பு எப்படி ஓடுகிறது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான விளக்கத்தை நான் படித்ததில்லை: தெரிந்தவர்களுக்கு மட்டும், எவ்வளவு தூரமானாலும்.

இதற்கு நேர் எதிரான ஒன்று எங்கள் பக்கம் துறைமுகத்தில் இருக்கிறது. புயல் எச்சரிக்கைக் கூண்டு. ஒவ்வொரு நவம்பரிலும் டிவியில் கேட்டிருப்பீர்கள், “சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது” என்று. பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எண் மொத்தம் பதினொன்று. ஒன்று என்றால் தூரத்தில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. நடுவில் உள்ள எண்கள் புயல் துறைமுகத்துக்கு இடப்பக்கம் கடக்குமா, வலப்பக்கம் கடக்குமா என்பதைக்கூடச் சொல்லும். பத்து என்றால் கடும்புயல் துறைமுகத்தின் மேலேயோ பக்கத்திலேயோ கடக்கப்போகிறது.

பதினொன்று? நிறைய பேர் அதைப் பத்தைவிடப் பெரிய புயல் என்று நினைக்கிறார்கள். இல்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துபோனது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று அர்த்தம். அதாவது, எங்களுக்கே எதுவும் தெரியவில்லை, ஆனால் பயமாக இருக்கிறது. எண் வரிசையில் பத்துக்கும் மேலே, உச்சியில், மௌனத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். சர்வர் பதில் சொல்லாதபோது திரையில் பச்சை விளக்கே எரிகிற எத்தனையோ டாஷ்போர்டைப் பார்த்திருக்கிறேன். அதை வடிவமைத்த யாரும் துறைமுகக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் இல்லை.

கூண்டு உன்னைத் தெரியுமா என்று கேட்பதில்லை. படிப்பு தேவையில்லை, போன் தேவையில்லை, கண் போதும். யாருக்கென்று குறிக்காமல் சொல்லப்படுகிற செய்தியின் பலத்தை மெட்ராஸ் ஒருமுறை சுற்றிவளைத்து அனுபவித்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் இங்கே வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரியவிட்டுப் போனது. அந்தப் பெயர் இன்னும் நம் வாயில் வசவாகவும் பாராட்டாகவும் புழங்குகிறது. அந்த எம்டன் எப்படி ஒழிந்தது? நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்கப் போனது. நிலையத்தில் இருந்தவர்கள், அந்நியக் கப்பல் ஒன்று வருகிறது என்று கம்பியில்லாத் தந்தியில் சில சொற்களைத் தட்டிவிட்டார்கள். எம்டன் இடைமறித்து இரைச்சல் கிளப்பியும் பலிக்கவில்லை. அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து எம்டனை முடித்தது. தட்டியவருக்குச் சிட்னி அங்கே இருப்பது தெரியாது. ‘பழகிய ஒருவருக்கு மட்டும்’ என்ற விதி அங்கே இருந்திருந்தால் எம்டன் இன்னும் கொஞ்ச காலம் சுற்றிக்கொண்டிருந்திருக்கும்.

பதில் சொல்லும் உரிமையும் இதே அளவுக்கு முக்கியம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது குமரி மாவட்ட மீனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அதற்குப் பிறகு 2019இல் ‘ஜெமினி’ என்று ஒரு கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக வானிலைச் செய்தி படகுக்குப் போகும், ப்ளூடூத்தில் செல்போனுக்கு வரும். நல்ல வேலை. ஆனால் ஒருவழி. படகிலிருந்து “ஆள் விழுந்துட்டான்” என்று அதில் திருப்பிச் சொல்ல முடியாது. விண்வெளிக்குப் போய்வந்த பொறியியலில், கேட்கிறவன் வாய்க்குக் கடைசியில்தான் இடம் கிடைத்தது. பேப்பரில் எழுதிய ஒரு விளையாட்டு மந்திரம் முதல் நாளிலிருந்தே பதிலை இலவசமாகக் கொடுத்தது. (2024ஆம் வருடப் பதிப்பில், செய்தி வாங்கியவர் அனுப்பியவரை எட்டு மணி நேரம் ப்ளாக் செய்யலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். காலத்துக்கேற்ற முன்னேற்றம்.) ‘ஸ்பீக் வித் டெட்’ மந்திரத்தில் இறந்தவரிடம் ஐந்து கேள்வி கேட்கலாம், ஆனால் உடல் வேண்டும், அதில் வாய் இருக்க வேண்டும். ஒக்கியில் உடல் கிடைக்காதவர்களின் வீடுகளை நினைத்துக்கொண்டு அந்த விதியைப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது.

“மனுஷன் தப்பிக்கத்தான் ஆடவே வர்றான், இதுல எண்ணூர் எதுக்கு?” என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் நீங்கள் தப்பித்துப் போகிற இடம் என்ன? யாரோ ஒரு ஐரோப்பியக் கிராமம். அங்கேயும் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மந்திரவாதியின் கோபுரம், அதிலிருந்து பச்சையாகப் புகை. கதை மாறவில்லை, பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது. அந்த ஊர் ஜனங்களுக்கு யார் சொல்வது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், ஆறு வாரத்துக்கு ஆட விஷயம் இருக்கிறது.

கணக்கும் நானே போட்டுத் தருகிறேன். ‘மேஜிக் மவுத்’ என்று ஒரு மந்திரம். ஒரு சுவரிலோ கல்லிலோ வாய் ஒன்றை வைத்துவிட்டுப் போகலாம். நீங்கள் குறித்த நிபந்தனை நடந்தால் இருபத்தைந்து சொல்லுக்குள் சத்தமாகப் பேசும், யார் இருந்தாலும் பேசும். யாராவது கலைக்கும்வரை அப்படியே இருக்கும். செலவு, பத்துத் தங்கக் காசு மதிப்புள்ள பச்சைக்கல் பொடி. சடங்காகச் செய்தால் மந்திர சக்திகூடக் குறையாது. ஒரே சிக்கல், நிபந்தனை முப்பது அடிக்குள் கண்ணால் பார்க்கிறதாகவோ காதால் கேட்கிறதாகவோ இருக்க வேண்டும். வாசனைக்கு அது விழிக்காது. ‘யாராவது தொடர்ந்து இருமினால் கத்து’ என்று வைக்கலாம், ஆனால் அப்போது முதல் வீட்டுக்காரர் ஏற்கெனவே இருமிக்கொண்டிருப்பார். அதனால் கோபுர வாசலில் ஒரு கம்பம் நட வைக்க வேண்டும், கசிந்தால் கொடி ஏற்ற ஒரு ஆள் வேண்டும், கம்பத்தடியில் முதல் வாய், அதன் குரல் கேட்டால் கத்துகிற இரண்டாவது வாய், அப்படியே தெருத்தெருவாக. கொடி ஏற்ற கோபுரத்துக்காரன் ஒத்துக்கொள்வானா என்பதுதான் உங்கள் குழுவுக்கு வேலை, அங்கேதான் பகடை உருள வேண்டும். நூற்றைம்பது வாய்க்கு ஆயிரத்து ஐநூறு காசு ஆகும். உங்கள் குழுவில் இருக்கிற போர்வீரன் போன மாதம் வாங்கிய முழு இரும்புக் கவசத்தின் விலையும் அதேதான்.