விவசாயப் படிப்பு யாருக்கு?

மேல்நிலைப் பள்ளியில் விவசாயமும் சுற்றுச்சூழலும் படிப்பது மக்குப் பிள்ளைகளுக்குத்தான் என்று முகஞ்சுளிக்கின்றார்களே, இந்த இழிவு எங்கிருந்து வந்தது? உழவு நல்லோரால் நிந்திக்கப்பட்ட தொழில் என்று மனுதர்மத்தின் 10-வது அத்தியாயம் சொல்லவில்லையா?

1953-ல் ஆச்சாரியார் அரைநாள் அப்பன் தொழிலைப் பழகு என்றார். 1954-ல் அத்திட்டம் ஒழிந்தது. நாம் கேட்பது அதுவல்ல. ஏர் பிடிப்பதை அப்பனே கற்றுக் கொடுப்பான். உளுந்தின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர் காற்றிலிருக்கும் நைட்ரஜனை உரமாக்கும் விதத்தைப் பள்ளிக்கூடமல்லவா சொல்லவேண்டும்?

2019 வறட்சியில் முக்கியக் கோயில்களில் மழைக்கு யாகம் நடத்த அறநிலையத் துறை சுற்றறிக்கை விட்டது. ஏரி தூர்ந்த காரணத்தைப் படித்த பிள்ளை யாகப் புகையை நம்புமா?

ஆகவே இப்பாடத்தை உழவன் மகளுக்கும் வையுங்கள், அர்ச்சகர் மகனுக்கும் வையுங்கள். உழவன் மகள் டாக்டருக்குப் படிக்கட்டும்; அர்ச்சகர் மகன் சேற்றில் இறங்கட்டும். அன்றுதான் அது கல்வி. அதுவரை அது குலத்தொழிலே.